கைராத்தும் ஹக்கும்: போபால் அப்துல் ஜப்பாரின் உரிமைப் போராட்ட வரலாறு

இஸ்லாமியச் சட்டவியலாளர்கள் மனிதன் நிறைவேற்ற வேண்டிய பொறுப்புகளை அல்லாஹ்வின் உரிமைகள் (ஹுகூகுல்லாஹ்), அடியார்களின் உரிமைகள் (ஹுகூகுல் இபாத்) என இருபெரும் பிரிவுகளாக வகுப்பர். முன்னதில் நேரும் குறைகளை இறைவன் தன் அருளால் மன்னிக்கக் கூடும். பின்னதில் அநீதிக்குள்ளானவர் தாமே மனமுவந்து விட்டுக்கொடுக்காத வரை, அதற்குரிய பொறுப்பு அநீதி இழைத்தவரின் தலையிலிருந்து இறங்குவதில்லை. இறைவழியில் உயிர்நீத்த ஷஹீதின் கடன்கூட அவரைத் தொடரும் என்னும் கருத்தில் வந்துள்ள நபிமொழி, சக மனிதனின் உரிமை எத்துணை கனமானது என்பதை உணர்த்தப் போதுமானது.

இக்கோட்பாட்டோடு இணைந்த மற்றொரு வேறுபாடும் உண்டு. ஒருவருக்கு அன்பினால் கொடுப்பது ஒன்று. அவருக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பிப்பது மற்றொன்று. கொடையைக் கொடுப்பவர் தம் விருப்பம்போல் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். ஹக் அவ்வாறன்று. அதைப் பெறுபவர் நன்றி கூறக் கடமைப்பட்டவரல்லர். தாமதித்தவரே விளக்கம் கூறக் கடமைப்பட்டவர். நூல்களில் தெளிவாக உள்ள இவ்வேறுபாடு நடைமுறையில் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. அதை ஒரு பெருநகரின் தெருக்களிலும் பூங்காவிலும் உச்ச நீதிமன்றத்தின் வாயிலிலும் முப்பதாண்டுகளுக்கு மேலாக இடையறாது எடுத்துரைத்த ஒருவரைப் பற்றியதே இக்கட்டுரை. அவர் மர்ஹூம் அப்துல் ஜப்பார். போபால் மக்கள் அவரை ஜப்பார் பாய் என்றே அழைத்தனர்.

ஆலைக்குள் தொடங்கிய அநீதி

போபால் விஷவாயுப் பேரழிவைப் பற்றி எழுதுவோர் பலர் 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவிலிருந்தே தொடங்குவர். ஆயின் அதன் வரலாறு மூன்றாண்டுகள் முன்னதாகவே ஆலைக்குள் தொடங்கிவிட்டது. யூனியன் கார்பைடு நிறுவனத்தின் பூச்சிக்கொல்லி ஆலையில் பணியாற்றிய முஹம்மத் அஷ்ரஃப் என்னும் தொழிலாளி, 1981 டிசம்பரில் ஃபாஸ்ஜீன் வாயு தாக்கி உயிரிழந்தார். அவர் முகக்கவசத்தை அவசரப்பட்டுக் கழற்றியதே காரணம் என்று கூறப்பட்டது. அடுத்த மாதமே மற்றொரு கசிவு நிகழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

தொழிற்சங்கத்தினர் சும்மா இருக்கவில்லை. ஆலையின் ஆபத்தை நகர மக்களுக்கு அறிவிக்கத் துண்டறிக்கைகளும் சுவரொட்டிகளும் வெளியிட்டனர். உள்ளூர்ப் பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி 1982ஆம் ஆண்டிலேயே தம் வார இதழில் இந்நகரைக் காப்பாற்றுமாறு அறைகூவி எழுதினார். அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த நிறுவனத்தின் சொந்தப் பொறியாளர்களே ஆய்வு நடத்தி, ஆபத்துக்கு இடமளிக்கும் 61 குறைகளைப் பட்டியலிட்டனர். அவற்றுள் 30 பெருங்குறைகள். இவ்வளவுக்குப் பின்னரும் ஆலையில் சிக்கனம் என்ற பெயரால் ஆட்குறைப்பே நிகழ்ந்தது. மெத்தில் ஐசோசயனேட் பிரிவில் ஒரு முறைமாற்றுக்கு 12 பேர் பணியாற்றிய இடத்தில் 6 பேர் ஆயினர்.

பேரழிவு நிகழ்ந்த இரவில் அவ்விரசாயனத்தைக் குளிர்நிலையில் வைத்திருக்க வேண்டிய குளிரூட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவைச் செயலிழக்கச் செய்யும் கருவி முறையாக இயங்கும் நிலையில் இல்லை. வாயுவை எரித்தழிக்கும் கோபுரத்தின் குழாய் பழுதுபார்ப்புக்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. ஆக, தொழிலாளியின் பாதுகாப்புக்கென ஏற்பட்ட ஒவ்வோர் ஏற்பாடும் தளர்ந்த பின்னரே நகரம் மாண்டது. ஆலைக்குள் இருப்பவனின் உயிர் மலிவாகக் கருதப்பட்டால் மதிலுக்கு வெளியே உறங்குபவனுக்கும் காவல் இல்லை என்பதே அஷ்ரஃபின் மரணம் முன்கூட்டி உரைத்த செய்தியாகும்.

நம் முன்னோரின் ஆட்சி நூல்களில் இத்தகைய பொறுப்பு பேசப்படாமல் இல்லை. ஹிஜ்ரி 450 (கி.பி. 1058)இல் மறைந்த இமாம் மாவர்தி, ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’ என்னும் நூலில் ஹிஸ்பா அதிகாரியாகிய முஹ்தஸிபின் கடமைகளை விவரிக்கையில், கப்பல் தாங்கும் அளவுக்கு மேல் பாரமேற்றுவதையும் கடுங்காற்றில் கப்பலைச் செலுத்துவதையும் அவர் தடுக்க வேண்டும் என்கிறார். ஏவலரை அவர்தம் சக்திக்கு மீறி வேலை வாங்குவதையும் அவர் தடுக்க வேண்டும். இதில் உள்ள நுட்பம் கவனத்திற்குரியது. கப்பல் மூழ்கிய பின் இழப்பீடு பெற்றுத் தருவதோடு அதிகாரியின் கடமை முடிவதில்லை; மூழ்குவதற்கு முன்பே துறைமுகத்தில் நின்று தடுப்பதே முதற்கடமை. போபாலில் அக்கடமைக்கு உரியவர்கள் இருந்தனர், அவர்களுக்கு எச்சரிக்கையும் கிட்டியது, தடுத்தவர் எவருமிலர்.

அந்த இரவும் அப்துல் ஜப்பாரும்

1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில், இ-610 எனக் குறிக்கப்பட்ட தொட்டிக்குள் நீர் புகுந்ததால் எழுந்த இரசாயன வினையில் ஏறத்தாழ 40 டன் நச்சு வாயு வெளியேறியது. அது பழைய போபாலின் ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த குடியிருப்புகளை மூடியது. கண் எரிய, மூச்சுத் திணற மக்கள் இருளில் ஓடினர். இறந்தோர் தொகை குறித்து இன்றளவும் கருத்து வேறுபாடு நிலவுகிறது. மாநில அரசு 3,787 பேர் என உறுதிசெய்தது. இழப்பீட்டு மன்றங்கள் 5,295 மரணங்களை ஏற்றன. பாதிக்கப்பட்டோரின் அமைப்புகள், பின்னாளில் நோயுற்று மாண்டோரையும் சேர்த்து 20,000க்கும் மேல் என்கின்றன.

அப்துல் ஜப்பார் அப்போது இருபதுகளின் பிற்பகுதியில் இருந்த இளைஞர். ஆலைக்கு அண்மையிலுள்ள ராஜேந்திர நகர்ப் பகுதியில் குடியிருந்தவர். கட்டுமானத் தொழிலில் உழைத்துப் பிழைத்தவர். அவர் சட்டம் பயின்றவரல்லர். எந்தக் கட்சியின் தலைவருமல்லர். அவ்விரவில் தம் தாயை வண்டியில் ஏற்றி நகருக்கு வெளியே கொண்டு சேர்த்துவிட்டுத் திரும்பினார். பின்னர்ப் பாதிக்கப்பட்டோரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் பணியில் ஈடுபட்டார். வாயுவின் விளைவால் காலப்போக்கில் தாயையும் தந்தையையும் ஒரு சகோதரரையும் இழந்தார். அவருடைய நுரையீரல் பாதிப்புற்றது. கண்பார்வையில் ஏறத்தாழப் பாதி போயிற்று. பின்னாளில் அவர் நடத்திய போராட்டம் அனைத்தும் இந்த உடலைக் கொண்டே நடத்தப்பட்டது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

தையல் மையங்களிலிருந்து ஓர் இயக்கம்

பேரழிவுக்குப் பின் நகரெங்கும் உதவிகள் வந்து குவிந்தன. உணவுப் பொருள்களும் சிறு தொகைகளும் வழங்கப்பட்டன. அவை தேவையானவையே. எனினும் கூலி வேலை செய்து பிழைத்த ஆண்கள் மூச்சு வாங்கிச் சுமை தூக்க இயலாதவராயினர். குடும்பத்தின் பாரம் பெண்கள் மீது விழுந்தது. அவருள் பலர் அதுவரை வீட்டுக்கு வெளியே வேலை செய்தறியாதவர். முஸ்லிம் பெண்களுள் பலர் புர்கா அணிந்து வாழ்ந்தவர்.

அரசு இவர்களுக்கெனத் தையல் மையங்களைத் தொடங்கியது. அவ்வேலையும் நிலையற்றது என்பது விரைவில் தெரிந்தது. அம்மையங்களில் பணிபுரிந்த பெண்களின் வேலையுரிமைக்கான போராட்டத்தினூடே உருவெடுத்ததே ‘போபால் கேஸ் பீடித் மஹிளா உத்யோக் சங்கடன்’, அதாவது விஷவாயுவால் பாதிக்கப்பட்ட பெண் தொழிலாளர் அமைப்பு. 1987இல் அதை வடிவமைத்து வழிநடத்தியவர் அப்துல் ஜப்பார். “கைராத் நஹீன், ரோஸ்கார் சாஹியே” என்பது அவ்வமைப்பின் முழக்கம்: தருமம் வேண்டா, வேலை வேண்டும்.

இம்முழக்கத்தின் சொற்களைச் சற்று ஆராயலாம். கைராத் என்பது நன்மை என்னும் பொருள்படும் அரபு வேரிலிருந்து பிறந்த சொல். உர்தூ வழக்கில் அது ஏழைக்கு இடும் தருமத்தைக் குறிக்கும். நன்மையைக் குறிக்கும் அச்சொல்லையே பாதிக்கப்பட்ட ஏழைப் பெண்கள் மறுத்தனர் என்றால் காரணம் என்ன? குற்றம் இழைத்தவரிடமிருந்தும் காக்கத் தவறியவரிடமிருந்தும் வருவதைத் தருமம் என்று அழைத்தால், குற்றம் என்ற ஒன்றே நிகழவில்லை என்றாகிவிடும். பறித்ததில் சிறிதைத் திருப்பிக் கொடுப்பவன் வள்ளல் ஆகான். இதை அவர்கள் நூல்களில் படித்து அறியவில்லை. வரிசையில் நின்று, கையேந்தி, அலுவலகத்துக்கு அலுவலகம் அலைந்து அறிந்தனர்.

இவ்வமைப்பின் உறுப்பினரிடையே முஸ்லிம் பெண்களும் ஹிந்துப் பெண்களும் கலந்திருந்தனர். வாயு மதம் பார்த்துப் பரவவில்லை. எனவே போராட்டமும் அவ்வாறே அமைந்தது. நபித்துவத்துக்கு முன், அப்துல்லாஹ் பின் ஜுத்ஆனின் இல்லத்தில் நடந்த ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையில் அண்ணலார் (ஸல்) பங்கேற்றதும், இஸ்லாம் வந்த பின்னரும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் ஏற்பேன் என்ற கருத்துப்படப் பாராட்டியதும் ஸீரா நூல்களில் புகழ்பெற்ற செய்தி. மக்காவுக்கு வந்த அந்நிய வணிகர் ஒருவருக்கு நேர்ந்த அநீதியே அதற்குக் காரணமாயிற்று. அநீதிக்குள்ளானவர் எக்குலத்தவர் என்று வினவாமல் அவர் பக்கம் நிற்பதே அதன் சாரம். போபால் பெண்களின் கூட்டணியை இம்மரபின் தொடர்ச்சியாகக் காண்பதில் பிழையில்லை.

யாத்கார்-இ-ஷாஜஹானி பூங்காவில் சனிக்கிழமைதோறும் அவர்கள் கூடினர். 1868 முதல் 1901 வரை போபாலை ஆண்ட ஷாஜஹான் பேகத்தின் நினைவைத் தாங்கும் இடம் அது. 1819 முதல் 1926 வரை நான்கு பேகங்கள் அடுத்தடுத்துப் பொறுப்பேற்று ஆண்ட நகரில், ஏழைப் பெண்கள் தம் வழக்கின் நிலையைத் தாமே கேட்டறியவும் அடுத்து ஆற்ற வேண்டியதைக் கலந்து முடிவெடுக்கவும் அப்பூங்காவே மன்றமாயிற்று. இழப்பீட்டு மன்றத்தில் மனு எவ்வாறு கொடுப்பது, எந்த மருத்துவச் சீட்டைப் பத்திரப்படுத்துவது, யார் எங்குச் சாட்சி சொல்வது என்பன அங்கு விளக்கப்பட்டன. ஜப்பார் வெளிநாட்டு நிதியை ஏற்பதில்லை என்னும் கொள்கையில் உறுதியாக இருந்தார். உறுப்பினர் தந்த சிறு தொகைகளே இயக்கத்தை நடத்தின. ‘ஸ்வாபிமான் கேந்திரா’, அதாவது தன்மான மையம் என்ற பெயரில் அவர் நிறுவிய பயிற்சிக்கூடத்தில் ஏறத்தாழ 5,000 பெண்கள் தையல், ஜர்தோசி முதலான கைத்தொழில்களைக் கற்றனர்.

கேளாது செய்த சமரசம்

1985இல் இயற்றப்பட்ட சட்டம், பாதிக்கப்பட்டோர் அனைவர் சார்பிலும் வழக்காடும் உரிமையை மத்திய அரசுக்கே அளித்தது. தம்மைக் காத்துக்கொள்ள இயலாத குடிமக்களுக்கு அரசே தந்தையின் இடத்தில் நிற்கிறது என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். அமெரிக்க நீதிமன்றம் 1986 மே மாதம் வழக்கை இந்தியாவுக்கே அனுப்பிவிட்டது. போபால் மாவட்ட நீதிமன்றத்தில் அரசு கோரிய தொகை 330 கோடி டாலர். 1989 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்த சமரசத்தின் தொகையோ 47 கோடி டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 715 கோடி ரூபாய். அத்துடன் குற்றவியல் வழக்குகளும் கைவிடப்பட்டன. பாதிக்கப்பட்டவரிடம் எவரும் கலந்து பேசவில்லை.

இங்கு ஃபிக்ஹின் பார்வையை ஒப்புநோக்குவது பயன் தரும். பொறுப்பாளர் அற்றவருக்கு ஆட்சியாளரே வலீ என்பது அறியப்பட்ட விதி. ஆயின் வாரிசுகள் இருக்கையில், கொலையுண்டவர் சார்பில் தியத் பெறுவதும் மன்னிப்பதும் அவ்வாரிசுகளுக்கே உரியன. வாரிசே இல்லாதவர் விஷயத்தில்கூட, ஆட்சியாளர் ஈட்டுத்தொகைக்கு இணங்கலாமே தவிர, ஈடின்றி மன்னித்துவிட அதிகாரம் பெறமாட்டார் என்பது ஹனஃபி அறிஞர்களின் கருத்து. அது அவருடைய சொந்த உரிமையன்று என்பதே அதற்குக் காரணம். போபால் வழக்கின் தன்மை வேறாயினும் இதனடியில் உள்ள நெறி ஒன்றே: பிறருடைய ஹக்கை விட்டுக்கொடுக்கும் உரிமை இடையில் நிற்பவருக்கு இல்லை. தந்தையின் இடத்தில் நின்ற அரசு, பிள்ளைகள் உயிரோடிருக்கையிலேயே அவர்களைக் கேளாமல் அவர்களின் இழப்புக்கு விலை பேசியது. அவர்கள் சார்பில் குற்றத்தையும் மன்னித்தது.

ஜப்பாரின் அமைப்பு இச்சமரசத்தை வன்மையாக எதிர்த்தது. பெண்கள் தலைநகருக்குச் சென்று கண்டனம் தெரிவித்தனர். உச்ச நீதிமன்றத்தில் சீராய்வு மனுத் தாக்கல் செய்தோருள் அவ்வமைப்பும் ஒன்று. 1991 அக்டோபர் 3 அன்று வந்த தீர்ப்பு இழப்பீட்டுத் தொகையை மாற்றவில்லை. ஆயின் குற்றவியல் வழக்குகளைக் கைவிட்டது செல்லாது என அறிவித்து அவற்றுக்கு மீண்டும் உயிரூட்டியது. தொகை போதாமற் போயின் அரசே ஈடுசெய்ய வேண்டும் என்றும் கூறியது. பணத்தால் குற்றத்தை மறைக்க இயலாது என்ற நிலை இதனால் நிலைநாட்டப்பட்டது. வாழ்வாதாரமின்றித் தவித்தோருக்கு இடைக்கால நிவாரணம் வேண்டும் என்னும் கோரிக்கையும் 1990இல் பயனளித்தது. பாதிக்கப்பட்ட 36 வார்டுகளின் மக்களுக்குத் தலா மாதம் 200 ரூபாய் வழங்கப்பட்டது. பின்னர் இறுதி இழப்பீடு வழங்கும்போது இத்தொகையும் கழித்துக்கொள்ளப்பட்டது.

சமரசத்துக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்ட மரண எண்ணிக்கை ஏறத்தாழ 3,000. இறுதியில் இழப்பீடு பெறத் தகுதியுடையோராக ஏற்கப்பட்டவர் 5 இலட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட ஒரே தொகை, கணிக்கப்பட்டதைவிடப் பன்மடங்கு பெருகிய கூட்டத்துக்குப் பங்கிடப்பட்டது. நோயுற்றோருள் மிகப் பலருக்குக் கிட்டியது 25,000 ரூபாயே. டாலர் மதிப்பு உயர்ந்ததாலும் வட்டியாலும் எஞ்சியிருந்த ஏறத்தாழ 1,500 கோடி ரூபாயையும் பாதிக்கப்பட்டோருக்கே விகிதப்படி பகிர்ந்தளிக்குமாறு 2004 ஜூலை 19 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. போபால் அமைப்புகள் பல்லாண்டுகள் விடாது வற்புறுத்தியதன் பயன் இது.

மருத்துவமும் தண்டனையும்

பணத்தோடு நின்றுவிடவில்லை அவர்தம் கோரிக்கை. வாயுவின் நீண்டகால விளைவுகளை ஆராய்ந்துவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுகள் 1994உடன் நிறுத்தப்பட்டன. நோய் தொடர்ந்தது, அதைப் பதிவு செய்வோர் இலர். 1998இல் ஜப்பாரின் அமைப்பும் வேறு இரு அமைப்புகளும் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், 2004இல் கண்காணிப்புக் குழுவும் ஆலோசனைக் குழுவும் அமைக்கப்பட்டன. 2012 ஆகஸ்ட் 9 அன்று வந்த தீர்ப்பு, நோயாளிகளின் மருத்துவ ஆவணங்களைக் கணினியில் பதிவு செய்தல், ஒவ்வொருவருக்கும் உடல்நலக் குறிப்பேடு வழங்கல், கண்காணிப்புக் குழுவை வலுப்படுத்தல் முதலான ஆணைகளைப் பிறப்பித்தது. தையல் மையப் பெண்களின் அமைப்பு இந்திய நீதித்துறை வரலாற்றில் நிலையாகப் பதிவு பெற்றது இத்தீர்ப்பின் தலைப்பில்தான்.

குற்றவியல் வழக்கின் கதை கசப்பானது. 1984 டிசம்பர் 7 அன்று கைதான நிறுவனத் தலைவர் வாரன் ஆண்டர்சன் அன்றே பிணையில் விடுவிக்கப்பட்டு நாட்டை விட்டு வெளியேறினார். 2014இல் இறக்கும்வரை எந்த இந்திய நீதிமன்றத்தின் முன்னும் விசாரணைக்கு நிற்கவில்லை. எஞ்சியோர் மீதான குற்றச்சாட்டை 1996இல் உச்ச நீதிமன்றம் கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற அளவுக்குக் குறைத்தது. 2010 ஜூன் 7 அன்று ஏழு பேருக்கு இரண்டாண்டுச் சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. அன்றே அவர்கள் பிணையில் வெளிவந்தனர். அத்தீர்ப்பு நாடெங்கும் எழுப்பிய கொதிப்பில், கூடுதல் இழப்பீடு கோரி அவ்வாண்டு டிசம்பரில் மத்திய அரசே மறுசீராய்வு மனுத் தாக்கல் செய்தது. 1989இல் பாதிக்கப்பட்டோர் கூறியதை இருபத்தோர் ஆண்டுகள் கழித்து அரசே கூற வேண்டியதாயிற்று.

சட்டத்தில் பதிந்த சுவடு

போபாலின் துயரம் இந்தியத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களை மாற்றியமைத்தது. 1985 டிசம்பரில் டெல்லியில் நிகழ்ந்த ஓலியம் வாயுக் கசிவு வழக்கில், 1986 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் முழுமைப் பொறுப்புக் கோட்பாட்டை வகுத்தது. அபாயமான தொழிலை நடத்துபவர் எவ்விதச் சாக்கும் கூறாமல் அதன் தீங்குக்கு ஈடுசெய்ய வேண்டும் என்பது அதன் பொருள். தீங்கிழைத்தலும் தீங்குக்குப் பதிலாகத் தீங்கிழைத்தலும் கூடா என்னும் கருத்துள்ள நபிமொழியிலிருந்து ஃபுகஹாக்கள் கட்டியெழுப்பிய ழமான் கோட்பாட்டோடு இது பல இடங்களில் ஒத்துச்செல்கிறது.

1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான தொழில்கள் பற்றிய தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. தாம் கையாளும் பொருளின் ஆபத்தைத் தொழிலாளர்க்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் நிறுவனம் அறிவிக்க வேண்டும். பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர்க்கும் இடமளிக்க வேண்டும். உடனடி ஆபத்தைக் கண்டால் எச்சரிக்கும் உரிமை தொழிலாளர்க்கு உண்டு என்பன அதில் அடங்கின. 1981இல் இவ்விதிகள் இருந்து நடைமுறைக்கும் வந்திருந்தால், சங்கத்தின் சுவரொட்டிகள் சட்ட வலிமை பெற்ற எச்சரிக்கைகளாக இருந்திருக்கும். தொழிற்சாலைகள் சட்டத்துக்கு மாற்றான தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020இல் இயற்றப்பட்டு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்துள்ளது. முந்தைய சட்டத்தின் அவ்வுரிமைகள் எந்த விலை கொடுத்துப் பெறப்பட்டவை என்பதை அறிந்தோர், புதிய சட்டத்தின் விதிகளையும் அவற்றை நிறைவேற்றும் ஆய்வாளர்களின் எண்ணிக்கையையும் கூர்ந்து நோக்குவர்.

முடிவும் மதிப்பீடும்

அப்துல் ஜப்பாரின் இறுதிக்காலம் எளிதாக இருக்கவில்லை. நீரிழிவும் இதய நோயும் வாட்டின. காலில் ஏற்பட்ட புண் அழுகிப் பரவியது. இலட்சக்கணக்கானோரின் இழப்பீட்டுக்காக உழைத்தவரின் மருத்துவச் செலவுக்கு நண்பர்கள் உதவி வேண்டிப் பொதுமக்களை அணுகினர். 2019 நவம்பர் 14 அன்று அவர் போபாலில் இறையடி சேர்ந்தார். அடுத்த ஆண்டு குடியரசு நாளையொட்டி அவருக்கு மறைவுக்குப் பிந்தைய பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அவர் வென்றாரா என்னும் வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. இழப்பீட்டை உயர்த்தும் கோரிக்கை, அவர் மறைந்த பின் 2023 மார்ச் 14 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வால் நிராகரிக்கப்பட்டது. ஆலை வளாகத்தில் கிடந்த ஏறத்தாழ 337 டன் நச்சுக்கழிவு 2025 ஜனவரியில்தான் பீதாம்பூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவ்வாண்டின் நடுப்பகுதியில் எரித்து முடிக்கப்பட்டது. வளாகத்தைச் சுற்றியுள்ள மண், நிலத்தடி நீர் ஆகியவற்றின் மாசு பற்றிய சிக்கல் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. போபாலின் பல்வேறு அமைப்புகளிடையே அணுகுமுறையிலும் நிதிக் கொள்கையிலும் வேறுபாடுகள் இருந்தன. எல்லாப் பெருமையும் ஒருவருக்கே உரியது என்று கூறுவது ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா போன்றோரின் உழைப்புக்கு இழைக்கும் அநீதியாகும்.

எனினும் ஜப்பாரின் தனித்தன்மை ஒன்று மறுக்கவியலாதது. பாதிக்கப்பட்டோரை அவர் உதவி பெறுவோராக நடத்தவில்லை. உரிமை கோரும் வழக்காளிகளாகவே நடத்தினார். அவர்கள் தம் வழக்கைத் தாமே புரிந்து பேசும்வரை வாரந்தோறும் அவர்களோடு அமர்ந்தார். விரைவில் முடியும் பணியன்று அது. பேரழிவு நிகழ்ந்த வாரத்தில் உதவிக்கு ஓடுவோர் ஆயிரவர். இருபதாம் ஆண்டின் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வருவோர் சிலரே.

இவ்வரலாறு நம் சமூக அமைப்புகளுக்கு விடுக்கும் வினா நேரடியானது. புயலிலும் வெள்ளத்திலும் முதலில் களமிறங்கும் இளைஞர்களும், ஜனாஸா ஊர்திகளும், ஸகாத் நிதியங்களும் நம்மிடையே உள்ளன, அவை பெருமைக்குரியவை. ஆயின் ஒரு தொழிலாளி ஆலையில் மாண்டால், அவர் குடும்பத்துக்கு அரிசி மூட்டை கொடுப்பதோடு நம் பணி முடிந்துவிடுகிறதா? அவருக்குரிய சட்டப்படியான இழப்பீட்டுக்கும், மற்றொருவர் அவ்விடத்தில் மாளாதிருப்பதற்கும் எத்தனை ஆண்டுகள் நாம் உடன் நிற்போம்?

அவ்வினாவுக்கு மற்றொரு முகமும் உண்டு. நாம் தொழிலாளராக மட்டும் இல்லை. தமிழகத்தின் தோல் பதனிடும் ஊர்களில் நம்மவர் முதலாளிகளாகவும் உள்ளனர். அத்தகைய ஊர்களுள் ஒன்றான இராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அதிகாலையில், தோல் தொழிற்சாலைகளின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைந்து, அருகே உறங்கிய 10 தொழிலாளர்கள் சேற்றில் புதைந்து மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆண்டுதோறும் கணக்கிட்டு ஸகாத் கொடுப்பவர், தம் ஆலையின் நச்சுத் தொட்டிக்குள் பாதுகாப்பின்றி எவரேனும் இறக்கப்படுகிறாரா என்பதையும் அதே கவனத்தோடு கணக்கிடக் கடமைப்பட்டவர். ஸகாத் அப்பொறுப்பை ஈடுசெய்யாது. அது வேறு கடன், இது வேறு கடன்.

போபால் பூங்காவில் கூடிய பெண்கள் கேட்டது தமக்குரிய கடனைத்தான். அதில் பெரும்பகுதி இன்னும் செலுத்தப்படவில்லை. அக்கடனைக் கடன் என்றே இறுதிவரை அழைத்த அப்துல் ஜப்பாருக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக.